துணி அலமாரியிலிருந்து உலகச் செய்திகள்

ஸ்டேஷனம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன். ஆசையாக வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படுக்கையறைச் சுவரில் பதித்த துணி அலமாரிக்குள், தன் சட்டைகளுக்கு நடுவே ஒரு மைக் தொங்குவதைப் பார்த்த அன்று, "ஸ்டேஷனம்மா, என் பேண்ட்டை எடுத்துக்கலாமா, இல்லை ஒலிபரப்பு நடந்துக்கிட்டு இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். வீட்டுக்கு வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியின் காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைப்பாள், மூக்கின்மேல் உட்காரும் குட்டி மெத்தைகளை நெருக்கி விடுவாள், வாடிக்கையாளர் முகத்தில் மாட்டிவிட்டு, தெரிகிறதா என்று கேட்பாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். காசு கொடுக்கிறவர்கள் அல்லவா. காசே புழங்காத இடத்தில்தான் மரியாதை தாராளமாகப் புழங்கும் என்பது அவளுக்கு ரேடியோவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தக் கைக்காசில் ரேடியோ வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்றால், உங்களிடம் என்ன ரேடியோ, என்ன ஏரியல், அங்கே வெயிலா மழையா. இன்னும் கெட்டிக்காரர்கள் சந்திரன்மேல் அலையை மோதவிட்டு, அது திரும்பி வரும் வழியில் அடுத்த நாட்டுக்காரனிடம் சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். அவனும் சௌக்கியம் என்பான். இரண்டு பேருக்கும் ஒரு மாதத்துக்குத் தலைகால் புரியாது. இப்படி உலகத்தையே புரட்டிப்போடும் சம்பவங்களை வாரா வாரம் திரட்டி, அரை மணி நேரச் செய்தியாகத் தருவதுதான் ஸ்டேஷனம்மாவின் நிகழ்ச்சி.

நிகழ்ச்சியை நடத்துவது முழுக்க முழுக்கத் தொண்டர்கள். தொண்டர் என்றால், சம்பளம் வாங்காத காரணத்தால் வேலை செய்யாமலிருக்க முழு உரிமை உள்ளவர். செய்தி சேகரிக்கிறேன் என்று கை தூக்கியவர்கள் உண்டு, எழுதித் தருகிறேன் என்று மார்தட்டியவர்கள் உண்டு, இசை போடுகிறேன் என்று ஒருவர் வந்து, இந்த அலைவரிசைகளில் இசை போடக் கூடாது என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். கடைசியில் சேகரிப்பது, எழுதுவது, வெட்டி ஒட்டுவது, அனுப்புவது எல்லாம் ஸ்டேஷனம்மாவின் தலையில் விடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை பதிவு, சனிக்கிழமை வெட்டி ஒட்டுவது, ஞாயிறு காலை ஒலிபரப்பு. ஊருக்கு வெளியே மலைமேல் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. கீழேயிருந்து போகும் சின்னக் குரலை வாங்கிப் பெரிதாக்கி நாலா பக்கமும் அனுப்பும் பெட்டி அது. ஞாயிறன்று நிகழ்ச்சி அதில் போகும். அதுவே பாட்காஸ்டாக இணையத்திலும் ஏறும்.

இவ்வளவிலும் சொன்ன சொல் தவறாமல் வேலை செய்த தொண்டர் ஒரே ஒருவர்தான். செய்தி வாசிக்கும் அண்ணன். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பின்தெருவில் மகன் மருமகளோடு இருக்கிறார். பஸ் வராது என்பதைக்கூட அவர் சொல்லிக் கேட்டால் கோபம் வராது என்பார்கள். வெள்ளிக்கிழமை வந்து, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையை அலமாரிக்குள் விட்டு, புருஷனின் பேண்ட்டுகளைப் பார்த்து உலகச் செய்திகளை வாசிப்பார். துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். சலவைக்குப் போட்டிருக்கும் வாரம் குரல் கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

அவள் அவருக்குக் கடன்பட்டிருந்தாள். பணக் கடனில்லை. இந்த நிகழ்ச்சியைத் தொடங்கலாம் என்று ரேடியோ சங்கத்தில் பேச்சு வந்தபோது, யார் ஆசிரியர் என்று பெரிய விவாதம் நடந்தது. உரிமம் வாங்கிய பெண் அவள் ஒருத்திதான். அவளுக்கும் ஒரு பொறுப்பு தர வேண்டுமே என்று அக்கறைப்பட்டு, கூட்டத்துக்கு டீ ஏற்பாட்டை ஒப்படைத்தார்கள். அப்போது அண்ணன் எழுந்து, இந்தம்மா எழுதினால் படிக்கிறேன், வேறு யார் எழுதினாலும் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாசிக்க வேறு குரல் இல்லை. ஆகவே சங்கம் பெண்களுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு ஒருநாள் பக்கவாதம் வந்தது. லேசானதுதான். கை கால் திரும்பிவிட்டது, நாக்கு மட்டும் திரும்பவில்லை. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமையே கைத்தடியோடு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்ட ஸ்டேஷனம்மா, தான் எழுதிய தாளைப் பார்த்துத்தான் எந்த வரி என்று கண்டுபிடித்தாள். படித்து முடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றாள். வேறு என்ன சொல்வாள், நீங்கள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் ஒருத்தி சொன்னது போதாதென்று ஊரே சேர்ந்து சொன்னது. இந்த ரேடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று இரண்டு எண்ணில் மார்க் போடுவார்கள். முழு மார்க் ஐந்து, ஒன்பது. முழு மார்க்குக்குக் குறைத்துப் போடுவது மரியாதையில்லை என்று யாரோ எப்போதோ ஆரம்பித்துவைக்க, இப்போது எல்லோருக்கும் எல்லோரும் ஐந்து ஒன்பதுதான். "உங்க சிக்னல் அஞ்சு ஒன்பது, பிரமாதம், உங்க பேரை மட்டும் இன்னும் நாலு தடவை சொல்லுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொருவராக ரிப்பீட்டரில் வந்து அண்ணனுக்கு ஐந்து ஒன்பது போட்டார்கள். குரல் பழையபடி கணீரென்று இருக்கிறது என்று ஒருவர் சேர்த்துச் சொன்னார். வீட்டில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் முழுக்க நம்பிவிட்டார்.

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு ரிப்பீட்டரைப் பராமரிக்கும் மலைக்காரர் ஸ்டேஷனம்மாவுக்குப் போன் பண்ணினார். தன் ரேடியோவின் வால்யூம் குமிழ் சிக்கிக்கொண்டு குறைக்க முடியாமல் போனதால் நிகழ்ச்சியை முழுக்கக் கேட்கும்படி ஆகிவிட்டது என்றும், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றும் சொன்னார். வாசிப்பவரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிகழ்ச்சியை மலையிலிருந்து இறக்கிவிடுவேன் என்றார்.

"நீங்கதானே போன வாரம் அவருக்கு அஞ்சு ஒன்பது போட்டீங்க?" என்றாள்.

"அது மரியாதை மேடம். உடம்பு சரியில்லாத மனுஷர்கிட்ட எப்படிச் சொல்றது? நீங்க சொல்லிடுங்க."

விஷயம் பரவியதும், எங்களுக்கும் புரியவில்லைதான் என்று மற்றவர்களும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எல்லோரும் முடிவில் அதையேதான் சொன்னார்கள், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று.

சம்பளம் கொடுத்த ஆளை வேலையிலிருந்து நிறுத்த வழியிருக்கிறது. ஒரு பைசா வாங்காமல் வருகிறவரை எதைச் சொல்லி நிறுத்துவது? ஸ்டேஷனம்மா மனசைக் கல்லாக்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள். கதவைத் திறந்த மருமகள், உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகப் பேசினாள்.

"மத்த நாள்ல கூப்பிட்டாலும் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார்க்கா. வெள்ளிக்கிழமை மட்டும் அவரே எழுந்து ஷேவ் பண்ணிக்கிறார். நீங்கதான் அவரைப் பிழைக்க வச்சிருக்கீங்க."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து செய்தித்தாளை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனம்மா, மருமகள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி வந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் புருஷன் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனசுக்குள் வாசிக்கத் தெரியாது. டைல்ஸ் கடை விற்பனையாளர், வழுக்கும் தரையை வழுக்காது என்று நம்பவைத்துப் பழகிய குரல். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழுந்தது. இத்தனை வருஷமாக எரிச்சல் மூட்டிய அந்தச் சத்தத்தை ஸ்டேஷனம்மா முதல் தடவையாக நின்று கேட்டாள்.

அன்றிலிருந்து நிகழ்ச்சிக்கு இரண்டு பதிப்பு. வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து வாசித்துவிட்டுப் போவார். சனிக்கிழமை அதே முக்காலியில் புருஷன் உட்கார்ந்து, தன் பேண்ட்டுகளைத் தானே பார்த்து, அதே செய்தியை வாசிப்பார். அது மலைக்கும் பாட்காஸ்டுக்கும் போகும். அண்ணன் வாசித்தது, அவள் பால்கனியில் வைத்த ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வழியாகப் போகும். அதன் சக்தி இரண்டு தெருவைத் தாண்டாது, தாண்டவும் வேண்டியதில்லை. மலையில் பெரிய ரிப்பேர், இனிமேல் இந்த அலைவரிசைதான், நேயர்கள் எனக்குப் போனில் சொல்வார்கள் என்று அண்ணனின் ரேடியோவைத் தானே திருப்பிவைத்து, குமிழைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வாழ்நாள் முழுக்க மேலிடத்து உத்தரவுக்குப் பழகியவர், தொடவில்லை. ஒரே ஒரு ஆள் கேட்பதற்கென்று தனியாக ஒரு செய்தி நிலையம் நடத்தியவள் உலகத்திலேயே இவளாகத்தான் இருப்பாள். அந்தச் செய்தியை மட்டும் அவளால் செய்தியில் போட முடியவில்லை.

அண்ணனின் பதிப்பையும் அவள் ஏனோதானோ என்று செய்யவில்லை. இருமலை எடுப்பாள், திக்கிய இடத்தை ஒட்டுவாள், ஒரு வாக்கியத்துக்காகச் சனிக்கிழமை மத்தியானம் பூராவும் உட்கார்ந்திருப்பாள். இவ்வளவு செய்தும் அது புரியாமல்தான் இருக்கும். அவளுக்கு அழுகையாக வரும்.

இதற்கிடையில் புருஷனுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. இத்தனை காலம் நிகழ்ச்சியை ஒரு தடவைகூடக் கேட்காத மனுஷன், இப்போது வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார், சனிக்கிழமை தயிர் வேண்டாம் என்றார், மின்விசிறிக்கு நேராகப் படுக்க மறுத்தார். ஞாயிறு காலை கூடத்தில் காப்பியோடு உட்கார்ந்து மலை ரிப்பீட்டரில் தன்னைத் தானே கேட்டு ரசிப்பார். முடிந்ததும் வந்து விழும் ஐந்து ஒன்பதுகளை ஒன்று விடாமல் பொறுக்கி வைத்துக்கொள்வார். இதில் ஒரே ஒரு மனக்குறை. வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து, போன வாரம் நேயர்கள் என்ன சொன்னார்கள் என்று ஆவலாகக் கேட்பார். ஸ்டேஷனம்மா புருஷனுக்கு வந்த பாராட்டையெல்லாம் அப்படியே அண்ணனுக்கு எடுத்துச் சொல்வாள். புருஷன் அடுத்த அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"உழைக்கிறது நான், மாலை அவருக்கா?" என்று ஒருநாள் பொருமினார்.

"நீங்க ஷேவ் பண்ணிக்கிறதுக்கு உங்களுக்கு வேற காரணம் இருக்கு" என்று அவள் சொன்னாள். அவருக்கு அது விளங்கவில்லை.

மாதங்கள் ஓடின. எல்லாப் பொய்யும் ஓடுகிற மாதிரி இதுவும் நன்றாகவே ஓடியது. பிறகு கடையில் தள்ளுபடி விற்பனை என்று ஒரு சனிக்கிழமை அவளையும் வரச்சொல்லி உயிரோடு உரித்துவிட்டார்கள். களைத்துப்போய் வந்து, கண் சொருகச் சொருக இரண்டு பதிப்பையும் அனுப்பினாள். ஞாயிறு காலை நேரம் வந்ததும் பால்கனி டிரான்ஸ்மிட்டரில் சரியாகப் போகிறதா என்று பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்துக் காது கொடுத்தாள். புருஷனின் குரல் வந்தது. அதே நொடியில் கூடத்திலிருந்து, "ஏய், மலையில யாரு இது? அண்ணன் குரல் வருது!" என்று புருஷனின் குரல் வந்தது.

தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் மாற்றி அனுப்பியிருக்கிறாள். மலையில் போவதை இங்கிருந்து நிறுத்த வழியில்லை. பால்கனியில் போவதை நிறுத்தலாம், ஸ்விட்சில் கையும் வைத்தாள். நிறுத்தினால் மட்டும் என்ன, பின்தெருவில் அண்ணன் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. அரை மணி நேரமும் அப்படியே நின்றாள்.

முடிந்ததும் மலை ரிப்பீட்டரில் நேயர்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனம்மா கூடத்தில் வந்து, அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வந்தவர் ஐந்து ஒன்பது என்றார். அடுத்தவரும் ஐந்து ஒன்பது, வழக்கம்போல அருமை என்றார். புது வாசிப்பாளர் வாரா வாரம் மெருகேறிக்கொண்டே போகிறார் என்று ஒருவர் புகழ்ந்தார். கடைசியாக மலைக்காரரே வந்து, இந்த வாரம் உச்சரிப்பு தேன் என்றார். அவருடைய வால்யூம் குமிழைச் சரிசெய்துவிட்டார் போலிருக்கிறது.

முதலில் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் விஷயம் உறைத்தது. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கு மட்டுமில்லை, இத்தனை வருஷமும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டதாகச் சொல்வது மரியாதை, சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். புருஷன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் இல்லேன்னுகூட ஒருத்தனுக்கும் தெரியலையா?" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. அவளுக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

அப்போது அழைப்புமணி அடித்தது. வாசலில் அண்ணன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, துணைக்கு யாருமில்லாமல் நடந்தே வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இல்லை, ஆனாலும் ஷேவ் பண்ணியிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். புருஷன் ஏதோ வேலை இருப்பதுபோல் சமையலறைக்குள் நழுவினார்.

"அது உன் வீட்டுக்காரர் குரல்தானே?" என்று அண்ணன் கேட்டார். அவர் பேசினால் மெதுவாகத்தான் வரும், குழறித்தான் வரும். அவளுக்குப் பழகிவிட்டது.

"ஆமாண்ணா."

"எவ்வளவு நாளா?"

சொன்னாள். எதையும் மறைக்காமல் மலைக்காரர் சொன்னது, பால்கனி, இரண்டு பதிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேச்சு அவ்வளவு மோசமா இருக்கா?"

இதற்கு வாரா வாரம் சொன்ன பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"புரியலைண்ணா. நான் எழுதினதுங்கிறதால எனக்குத் தெரியும். எழுதாதவங்களுக்குப் புரியாது."

சொல்லிவிட்டு அழுதாள். அவருக்கும் கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அந்த ஆளில்லாத தீவுக்கு ரேடியோ தூக்கிட்டுப் போனவங்க. ஏரியல்ல பறவை கூடு கட்டிடுச்சு, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கழட்ட மனசில்லாம அங்கேயே உக்காந்திருக்காங்கன்னு எழுதியிருந்தியே. வெள்ளிக்கிழமை நான்தான் அதைப் படிச்சேன். வார்த்தை விழுந்துடக் கூடாதேங்கிற பயத்துல என்ன படிக்கிறோம்னே தெரியலை. இன்னைக்குத்தாம்மா காதுல விழுந்துச்சு. தனியா உக்காந்து சிரிச்சேன். நல்லா எழுதறே."

இந்த நிகழ்ச்சிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு செய்தியைச் சொல்லி, அது நன்றாக இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. 

"அப்போ என்னோடது மலையில போயிருக்குமே. என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் பிரமாதம்னாங்கண்ணா."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலும் விடாமல் சிரித்தார்.

"பஸ் ஸ்டாண்டுலயும் இப்படித்தான்மா. நான் மைக்ல சொல்லி முடிச்சு வெளியே வருவேன், என்னையே நிறுத்தி அந்த பஸ் எப்போன்னு கேப்பாங்க." சிரிப்பு அடங்கியதும் சொன்னார், "படிக்கிறதுக்கு அவர் இருக்கார். எழுத நீ இருக்கே. கேக்கத்தான் ஆள் இல்லை. இனிமே நான் கேக்கறேன்."

"வெள்ளிக்கிழமை வருவீங்கள்ல?" என்று அவசரமாகக் கேட்டாள்.

"வராம? அவர் வணக்கம் சொல்றதே டைல்ஸ் விக்கிற மாதிரி இருக்கு. யாராவது பக்கத்துல உக்காந்து திருத்த வேண்டாமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. புருஷன் கையில் அண்ணனுக்கு ஒரு காப்பியோடு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று ஸ்டேஷனம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவர் காப்பியை அண்ணன் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எங்கெங்கே சரியில்லை என்று கேட்டார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார், நீளமாக, குழறலாக, ஒன்றுவிடாமல். புருஷன் முன்னால் குனிந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"புரியலை சார்," என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அண்ணன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.